கலைந்து கிடப்பதுபோல் கட்டப்பட்ட கார்: டெலோரியன் கால இயந்திரம், ஒரு நிகழ்வு ஆய்வு

1985 ஜூலை 3 அன்று அமெரிக்காவில் வெளியான 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் வரும் கால இயந்திரம் ஒரு டெலோரியன் கார். அதன் வெளிப்புறம் முழுக்கக் கேபிள்கள். பின்புறம் இரண்டு பெரிய காற்றுப்போக்கிகள், உள்ளே கூரை வரை சுவிட்சுகள், மீட்டர்கள், மினுக்கும் விளக்குகள். இந்தக் காரைப் பற்றி எழுதியவர்களில் பலர் அதன் கவர்ச்சியோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது வேறு விஷயம்: ஓடும் காருக்குள் இவ்வளவு கையால் செய்த பாகங்களையும் வயரிங்கையும் ஏற்றினால் என்ன நடக்கும், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதைப் பழுதுபார்க்கப் போகிறவர் எதைச் சந்திக்க வேண்டியிருக்கும்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்கு அலங்கோலமாகத் தெரிய வேண்டிய காருக்குத்தான் சாதாரணக் காரைவிடக் கறாரான ஒழுங்கு தேவை. வெளியே தெரியும் வயர் எப்படி வேண்டுமானாலும் தொங்கலாம். மின்சாரம் ஓடும் வயருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

அடிப்படை வண்டி

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த ஜான் டெலோரியன் 1973-இல் அதை விட்டு வெளியேறித் தன் பெயரில் கார் நிறுவனம் தொடங்கினார். பிரிட்டிஷ் அரசின் பணத்தில், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் அருகே டன்மரியில் தொழிற்சாலை எழுந்தது. 1981 தொடக்கம் முதல் 1982 இறுதி வரை சுமார் 9,000 கார்கள் வெளிவந்தன. அதோடு நிறுவனம் மூழ்கியது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜார்ஜெட்டோ ஜுஜியாரோ. சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, உருவாக்கியது பிரிட்டனின் லோட்டஸ் கார் நிறுவனம். எஞ்சின் பின்பக்கம், பூஜோ, ரெனோ, வால்வோ மூன்றும் சேர்ந்து உருவாக்கிய 2.85 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். அமெரிக்க மாடலில் அதன் சக்தி 130 குதிரைத்திறன். தோற்றத்தில் இருந்த வேகம் ஓட்டத்தில் இல்லை. படத்தில் கேட்கும் உறுமல்கூட போர்ஷே 928 காரிலிருந்து எடுத்து ஒட்டியது.

நமக்கு முக்கியமானது உடல் அமைப்பு. கீழே முதுகெலும்பு போன்ற இரும்புச் சட்டம், அதன்மேல் ஃபைபர்கிளாஸ் தொட்டி, அந்தத் தொட்டியின்மேல் பெயிண்ட் அடிக்காத 304 ரக எவர்சில்வர் தகடுகள். காரில் வயரிங் வேலை செய்தவர்களுக்கு இதைப் படித்த உடனே ஒரு கேள்வி எழும்: எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, எங்கே?

சாதாரணக் காரின் உடல் முழுவதும் இரும்பு. பேட்டரியின் நெகட்டிவ் முனையை உடலோடு இணைத்துவிட்டால் கார் முழுவதுமே எர்த் ஆகிவிடும். புதிதாக ஒரு விளக்கைப் பொருத்த வேண்டுமானால் பாசிட்டிவுக்கு ஒரு வயரை இழுத்து, மறுமுனையைப் பக்கத்தில் உள்ள போல்ட்டில் முறுக்கினால் வேலை முடிந்தது. டெலோரியனில் அது நடக்காது. ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு மோட்டாருக்கும் நெகட்டிவ் வயரையும் தனியாக இழுத்து, சட்டத்தில் உள்ள எர்த் முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த முனைகளில் துரு ஏறினாலோ நட்டு தளர்ந்தாலோ விளக்கு மங்கும், மீட்டர் பொய் சொல்லும், ஒன்றைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று எரியும். டெலோரியன் வைத்திருப்பவர்கள் மின்கோளாறு என்றதும் முதலில் எர்த் முனைகளைச் சுரண்டித் துடைப்பது இதனால்தான்.

இரண்டாவது பலவீனம் ஆல்டர்னேட்டர், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி. ஆரம்பக் கார்களில் வந்த டுசெல்லியே ஆல்டர்னேட்டரால், எல்லா விளக்குகளும் பின்கண்ணாடிச் சூடேற்றியும் ஒன்றாக ஓடும்போது தேவையான மின்சாரத்தைத் தர முடியவில்லை. பிறகு வந்த கார்களில் மோட்டரோலா ஆல்டர்னேட்டர் பொருத்தினார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த சுமையையே தாங்கத் திணறிய மின்னமைப்பு இது. இதன்மேல்தான் ஒரு கால இயந்திரத்தை ஏற்றினார்கள்.

மூன்றாவது, இடம். பேட்டரியும், ஃபியூஸ்களும் ரிலேக்களும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) உள்ள பகுதியும் இந்தக் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கின்றன. சிறப்புக் கருவிகளை வைக்கக் கிடைத்த ஒரே பெரிய இடமும் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சுவர்தான். ஃபியூஸ் போனால் எதையெதைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று யோசித்தாலே போதும்.

அலங்கோலத்தின் வடிவமைப்பு

கதையின் ஆரம்ப வடிவங்களில் கால இயந்திரம் கார் அல்ல. ஒரு கட்டத்தில் அது குளிர்சாதனப் பெட்டியாக இருந்தது. படம் பார்க்கும் குழந்தைகள் வீட்டுப் பெட்டிக்குள் ஏறி மாட்டிக்கொள்வார்களோ என்ற அச்சத்தில் இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ் அந்த யோசனையைக் கைவிட்டார். கார் என்று முடிவானபின் ரான் காப் முதல் ஓவியங்களை வரைந்தார். ஆண்ட்ரூ ப்ரோபர்ட் அவற்றை வளர்த்து இறுதி வடிவம் தந்தார். கெவின் பைக் தலைமையிலான சிறப்புக்காட்சிப் பிரிவு கார்களைக் கட்டியது; அந்த வேலையை ஒருங்கிணைத்தவர் மைக்கேல் ஷெஃபி.

ஷெஃபியின் முந்தைய வேலையைக் கவனிக்க வேண்டும். 1982-இல் தொடங்கிய 'நைட் ரைடர்' தொலைக்காட்சித் தொடரின் பேசும் கறுப்புக் காருக்கு, பான்டியாக் டிரான்ஸ் ஆமுக்கு, டேஷ்போர்டை வடிவமைத்தவரும் இவரே. அங்கே எல்லாமே வழவழப்பு. பட்டன்கள் வரிசையாக, எழுத்துகள் அச்சடித்தாற்போல், ஒரு பெரிய நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்த தோற்றம். இங்கே நேரெதிர். தனி ஆள் ஒருவர் தன் கொட்டகையில், கையில் கிடைத்த சாமான்களை வைத்துக் கட்டியதாக நம்ப வேண்டும். இரண்டில் எது கடினம் என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். நேர்த்தியான பேனலுக்கு ஒரு அளவுகோல் உண்டு. கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். 'இது ஒரு ஆள் தன் கையால் செய்தது' என்ற உணர்வுக்கு அப்படி எந்த அளவுகோலும் இல்லை. கொஞ்சம் கூடினால் குப்பைமேடு, கொஞ்சம் குறைந்தால் பொம்மைக்கடை.

தெற்குக் கலிஃபோர்னியா இதற்கு ஏற்ற ஊர். லாக்ஹீட், ஹியூஸ் போன்ற விமான நிறுவனங்கள் அரை நூற்றாண்டாக இயங்கிய பகுதி அது. அவை கழித்துப்போட்ட சுவிட்சுகள், மீட்டர்கள், வயர்க்கட்டுகள், இணைப்பிகள் எல்லாம் உபரிப்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. நம் ஊர்க் காயலான் கடையை விமானச் சாமான்களால் நிரப்பியது போன்ற கடைகள். காரில் உள்ள பல பாகங்கள் நிஜ விமான உதிரிகள். கேமரா அருகே போனாலும் அவை போலியாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்: அவை போலியே அல்ல. பின்புறத்து அணு உலையின் அடிப்பாகம் ஒரு டாட்ஜ் காரின் வீல் கப். படத்தின் கடைசியில் குப்பையைப் போட்டதும் எரிபொருளாக்கும் 'மிஸ்டர் ஃப்யூஷன்', க்ரூப்ஸ் நிறுவனத்தின் காஃபினா என்ற காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம். அது தெரிந்தபின் அந்தக் காட்சியைப் பார்ப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. தெரியாதவர் நம்பிவிடுவார்.

வெளிப்புறத்தில் ஒரு சங்கடம் உண்டு. 304 எவர்சில்வரில் வேகமாக டிரில் ஓட்டினால் துளை விழும் இடம் சூடேறி இறுகிப்போகும், முனை மழுங்கும். மெதுவாக, எண்ணெய் விட்டு, அழுத்தம் குறையாமல் துளையிட வேண்டும். தப்பான இடத்தில் விழுந்த துளையைப் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்து மறைக்கவும் வழியில்லை, ஏனெனில் பெயிண்டே கிடையாது. கீறல் விழுந்தால் அந்தத் தகட்டின் கோடு போகும் திசையிலேயே தேய்த்து எடுக்கலாம். குறுக்கே ஒரு இழுப்பு போதும், வெயிலில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளே

உட்புறத்தில் என் கண் முதலில் போவது ஃப்ளக்ஸ் கப்பாசிட்டருக்கு, கதைப்படி காலப்பயணத்தைச் சாத்தியமாக்கும் கருவிக்கு. இரு இருக்கைகளுக்கும் நடுவே பின்சுவரில் பொருத்தப்பட்ட, தொழிற்சாலைகளில் மின்னிணைப்புகளுக்குப் பயன்படும் கண்ணாடி முகப்புள்ள ஒரு பெட்டி. உள்ளே மூன்று குழாய்கள் ஒய் வடிவில் நடுவே சந்திக்கின்றன. ஒளி அவற்றில் துடித்துக்கொண்டே ஓடுகிறது. பெட்டியின்மேல் சிவப்பு டைமோ பட்டையில் வெள்ளை எழுத்துகள். ஒன்று, திறப்பதற்குமுன் கப்பாசிட்டர் டிரைவைத் துண்டிக்கச் சொல்கிறது. இன்னொன்று, ஒளியிலிருந்து கண்களைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது. கையில் பிடிக்கும் சிறு கருவியில் ஒவ்வோர் எழுத்தாகத் திருகி அழுத்தினால் பிளாஸ்டிக் பட்டையில் எழுத்து புடைத்து வரும். அலுவலகங்களில் கோப்புகளுக்கு ஒட்டுவார்கள். இந்தக் காரில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இந்தப் பட்டைதான். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல வருடம் தனியாக வேலை செய்து, தனக்குத்தானே எச்சரிக்கை எழுதிக்கொண்ட ஒருவரை அது கண்முன் நிறுத்துகிறது.

டேஷ்போர்டின் நடுவே நேரம் காட்டும் மூன்று வரிசைகள்: போக வேண்டிய நேரம் சிவப்பில், இப்போதைய நேரம் பச்சையில், கடைசியாகக் கிளம்பிய நேரம் மஞ்சளில். வசனமே தேவையில்லாமல் கதை முழுவதையும் பார்வையாளருக்குச் சொல்லும் பலகை இது. இயந்திரத்தின் அலங்காரம் எவ்வளவு கூடினாலும் இந்த மூன்று வரிகள் மட்டும் தெளிவாகப் படிக்க வேண்டும் என்பதில் கட்டியவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

வேகமானியில் ஒரு வேடிக்கை. 1970களின் கடைசியில் வந்த அமெரிக்க விதிப்படி அக்காலக் கார்களின் வேகமானி மணிக்கு 85 மைலுக்குமேல் காட்டக்கூடாது. கதைப்படி காலம் தாண்ட 88 மைல் வேகம் தேவை. முகப்பையே மாற்றி 95 வரை எண்கள் போட்டார்கள்.

மூன்று கார்கள், மூன்று உண்மைகள்

முதல் படத்துக்கு மூன்று டெலோரியன்கள் வாங்கப்பட்டன. 'ஏ' கார், அருகிலிருந்து படமாக்க, எல்லா விவரங்களோடும். 'பி' கார், வேக ஓட்டத்துக்கும் சாகசத்துக்கும், விவரம் குறைவு. 'சி' கார், உள்ளே கேமரா வைக்க வசதியாக அறுக்கப்பட்டது. இரண்டாம், மூன்றாம் படங்களும் சேர்ந்து கணக்கு ஏழுக்குப் போனது. பறக்கும் காட்சிகளுக்கு ஒரு ஃபைபர்கிளாஸ் கூடு. 1885-இன் பாலைவனக் காட்சிகளுக்கு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வழிவந்த பக்கி (மணலில் ஓடும் சிறு வண்டி) சேசிஸின்மேல் ஏற்றிய ஒன்று. மூன்றாம் படத்தின் முடிவில் ஒன்றை நிஜ ரயில் மோதி நொறுக்கியது.

ஆய்வு நோக்கில் இதன் பொருள் என்னவென்றால், 'சரியான கார்' என்று ஒன்று கிடையாது. திரையில் நாம் பார்ப்பது பல கார்களின் கலவை. ஒரு காட்சியில் ஒரு கேபிள் இடப்பக்கம் வளைந்திருக்கும், அடுத்த காட்சியில் இருக்காது. நகல் கட்டுகிறவர்கள் இதற்காக மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். இரு தரப்பாரும் சொல்வது சரியாகவே இருக்கும். பார்த்த கார் மட்டும் வேறு.

படப்பிடிப்பில் இந்தக் கார்கள் அடிக்கடி நின்றுபோயின. மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் தனித் தலைவலி. கதவைத் தூக்குவது, விமான நிறுவனமான கிரம்மன் கடுங்குளிரில் பதப்படுத்தித் தயாரித்த முறுக்குத் தண்டு. அதற்குத் துணையாக வாயு நிரம்பிய உந்துதண்டு. குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும். படப்பிடிப்பு நடந்தது பெரும்பாலும் குளிர்கால இரவுகளில். கதவு நிற்காமல் மெல்ல இறங்கத் தொடங்கும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் முடி உலர்த்தும் கருவியால் உந்துதண்டுக்குச் சூடு கொடுத்து நிமிர்த்தினார்கள்.

சுமைக் கணக்கு

அந்தக் காலத்தில் மினுக்கும் விளக்குகளுக்குப் பெரும்பாலும் இழை பல்புகள். எல்.இ.டி. உண்டு, ஆனால் ஒளி குறைவு. நீலமும் வெள்ளையும் கைக்கு எட்டாதவை. 12 வோல்ட்டில் 5 வாட் பல்பு இருபதை ஒரே சுற்றில் எரித்தால் 100 வாட், அதாவது எட்டு ஆம்பியருக்குச் சற்று மேல். பேட்டரியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் விளக்குகளுக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால், போகவர எட்டு மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். ஃபைபர்கிளாஸ் காரில் அந்த 'வர' என்பதையும் நாமே கட்டிக்கொடுக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. பல்பின் ஒளி வோல்ட்டேஜைவிட வேகமாக விழும். ஒன்றரை வோல்ட் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போகும். வயரும் சூடாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். விலை வித்தியாசம் அற்பம். ஆனால் வயர்க்கட்டின் பருமன் கூடும், அது போகும் வழியை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

இந்த வகைக் காரைப் புதிதாகக் கட்டுகிறவருக்கு நான் சொல்வது இதுதான். தொழிற்சாலை வயரிங்கைத் தொடாதீர்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தனியாக ஒரு கனத்த வயர், அதன் முடிவில் ஒரு பிரதான ரிலே, பிறகு சுற்றுக்கு ஒன்றாக ஃபியூஸ்கள். நெகட்டிவுக்கு ஒரு செம்புப் பட்டை. எல்லாம் அதில் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒரே கனத்த வயர் சட்டத்துக்கு. எண் காட்டும் பலகைகளுக்குத் தனி மின்வழங்கி, ஏனெனில் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் நொடியில் பேட்டரி வோல்ட்டேஜ் சரியும்போது அவை பிதற்றும். கதவின் கீலைத் தாண்டும் வயர் நுண்கம்பிகள் அதிகமுள்ள நெகிழ்வான ரகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திறந்து மூடியே அறுந்துவிடும். முனைகளை வெறுமனே பற்றவைப்பதைவிட நல்ல கருவியால் நசுக்கிப் பிடிப்பது மேல். பற்றவைத்த இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் வயர் முறியும். இத்தனையும் முடிந்தபின் அதன்மேல் அலங்கார வயர்களைப் போட்டுக் கலைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அலங்கார வயருக்கு ஒரு நிறக் குறி வைத்துவிட்டால், பத்து வருடம் கழித்துக் கையில் கட்டரோடு நிற்பவர் உங்களை வாழ்த்துவார்.

மீட்பு

மூன்று படங்களும் முடிந்தபின் 'ஏ' கார் யூனிவர்சல் ஸ்டுடியோவில் பார்வைக்கு நின்றது, நீண்ட காலம் திறந்த வெளியில். வெயில் பிளாஸ்டிக்கை வெளுக்க வைத்தது, மழை இணைப்புகளுக்குள் இறங்கியது, ரசிகர்கள் நினைவுப்பொருளாகப் பாகங்களைப் பிய்த்துக்கொண்டு போனார்கள். படப்பிடிப்புக்காகக் கட்டிய பொருள் பல ஆண்டுகள் வெளியில் நின்றால் இப்படித்தான் ஆகும். இதில் கட்டியவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

2012-ஐ ஒட்டி அதை மீட்கும் பணி நடந்தது. படங்களின் இணை எழுத்தாளரும் தயாரிப்பாளருமான பாப் கேல் மேற்பார்வையில், ஜோ வால்சர் தலைமையில் ரசிகர்கள் அடங்கிய குழு அந்த வேலையைச் செய்தது. ஸ்டுடியோ ஒரு பெரிய கார்ப் பட்டறையிடம் கொடுத்துவிட்டிருக்கலாம். கொடுத்திருந்தால் கார் பளபளவென்று திரும்பியிருக்கும், கால இயந்திரம் போயிருக்கும். காரணம் எளிது: இங்கே தேவைப்பட்ட அறிவு எஞ்சின் அறிவு அல்ல. படத்தின் ஒரு சட்டகத்தில் மங்கலாகத் தெரியும் உருளை, எந்த விமானத்தின் எந்த உதிரி என்று கண்டுபிடிக்கும் அறிவு. அதைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்தவர்கள் நகல் கட்டிய ரசிகர்கள்தான். ஒத்த தோற்றமுள்ள வேறொன்றை வைத்து ஒப்பேற்றாமல் அதே பாகத்தைத் தேடிப் பிடிப்பது அவர்கள் வழி.

எந்த மீட்பாளருக்கும் இங்கே ஒரு சிக்கலான தேர்வு வரும். கண்ணுக்குத் தெரியும் பாகம் பழையதாகவே இருக்க வேண்டும் என்பதில் விவாதம் இல்லை. தெரியாத வயர்? என் நிலைப்பாடு: காப்பு உறை வெடித்த வயரைப் புனிதப் பொருளாகக் கருத வேண்டியதில்லை, மாற்றிவிட வேண்டும், பழையதில் ஒரு துண்டை எடுத்துப் பெயரிட்டு வைக்கலாம். பல்பு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. எல்.இ.டி. போட்டால் வெப்பமும் சுமையும் ஏறக்குறைய இல்லாமலே போகும், பாகங்கள் நீண்டகாலம் வாழும். ஆனால் இழை பல்பு அணையும்போது சட்டென்று அணையாது. செம்மஞ்சளாகிச் சற்றே தங்கி மறையும். அந்த மினுக்கலின் தாளம் அதில்தான் இருக்கிறது. எல்.இ.டி.யை மெல்ல மங்கச் செய்யும் சிறு மின்சுற்றைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே தோற்றம் வரும். காட்சியில் நிரந்தரமாக எரிய வேண்டிய காருக்கு நான் அதைத்தான் செய்வேன். ஆண்டுக்கு ஒருமுறை எரியும் காருக்குப் பழைய பல்பே இருக்கட்டும்.

2021-இல் இந்தக் கார் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்ந்தது. அதையொட்டி வாஷிங்டன் தேசியத் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்தார்கள். இப்போது இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள பீட்டர்சன் மோட்டார் வாகன அருங்காட்சியகத்தில். பதிவேட்டில் சேரும் வாகனங்களின் புகைப்படங்களும் வரலாற்றுக் குறிப்புகளும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகின்றன. அந்தக் கோப்பைப் புரட்ட வாய்ப்புக் கிடைத்தால், புகைப்படங்களைத் தள்ளிவைத்துவிட்டு அதில் ஒரு வயரிங் வரைபடம் இருக்கிறதா என்றுதான் தேடுவேன்.